அதிமதுரமும் பொட்டாசியமும்: சிஓபிடிக்கு மூலிகை சேர்க்கும் முன்

சிஓபிடி எனப்படும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் உள்ள ஒருவரின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் பஃப் இருக்கும். அதை நாள் முழுதும் விரித்துவைக்கும் டியோட்ரோபியம் இன்ஹேலர் இருக்கும். நோய் கொஞ்சம் முற்றியிருந்தால் தியோஃபிலின் மாத்திரை. சளியும் இளைப்பும் திடீரென்று கூடும்போது நாளுக்கு 40 மி.கி. வீதம் ஐந்து நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கால் வீங்கத் தொடங்கியிருந்தால் நீர் பிரிய ஃபுரோசமைட். இவற்றில் டியோட்ரோபியம் ஒன்றை ஒதுக்கிவிட்டால், மீதி நான்குமே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியவை. இப்படிப்பட்டவருக்குத்தான் “இருமலுக்கு நல்லது, பக்கவிளைவே கிடையாது” என்று அதிமதுரப் பொடி பரிந்துரைக்கப்படுகிறது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். நம் உடலில் சுரக்கும் கார்டிசால், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பிகளைத் தூண்டிவிடாமல் ஒரு நொதி காவல் காக்கிறது. கார்டிசாலை அது அங்கேயே செயலிழந்த கார்டிசோனாக மாற்றிவிடும். கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. காவல் போனதும் உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். ரத்த அழுத்தம் ஏறும், கணுக்கால் வீங்கும், தொடையில் பலம் குறையும்.

சிஓபிடியில் இதன் சிக்கல் என்னவென்றால், நோய் முற்றி வலப்பக்க இதயம் தளர்ந்தாலும் கணுக்கால்தான் வீங்கும். அதிமதுரம் சாப்பிடுவது தெரியாத மருத்துவர் வீக்கத்தைப் பார்த்து ஃபுரோசமைட் அளவைக் கூட்டுவார். பொட்டாசியம் இன்னும் கீழே போகும். பலவீனம் மூச்சுத் தசைகளையும் தொட்டால் இளைப்பு கூடும். இளைப்புக்கு இன்னும் நான்கு பஃப் சால்பியூட்டமால், அதுவும் பொட்டாசியத்தைக் கீழேதான் தள்ளும். அடிக்கடி நோய் தீவிரமடைவதைத் தடுக்க நீண்டகாலம் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களும் உண்டு. அந்த மருந்துக்கு இதயத் துடிப்பின் மின்சார இடைவெளியை நீட்டும் குணம் இருக்கிறது, பொட்டாசியம் குறைந்த உடலில் அது ஆபத்தான துடிப்புக் கோளாறாக மாறலாம். இத்தனைக்கும் தொடக்கம் தேநீரில் கலந்த ஒரு கரண்டி பொடி.

அளவு தெரிய வேண்டுமே. நாளுக்கு 100 மி.கி. கிளிசிரைசினைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் பொதுவாகச் சொன்ன மேல் வரம்பு. வேரில் கிளிசிரைசின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும். 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2.5 கிராம் பொடியே அந்த வரம்பைத் தொட்டுவிடும். அது நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கான கணக்கு. மேலே சொன்ன நான்கு மருந்துகளில் இரண்டை எடுப்பவருக்கு அதிமதுரம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிளிசிரைசின் நீக்கிய வடிவம் கிடைக்கிறது. நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், தடைபட்ட நொதி பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

மூலிகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிஓபிடிக்கு மூலிகையைத் தனி மருந்தாக யாரும் தீவிரமாக முன்வைப்பதில்லை, ‘கூடுதல்’ சிகிச்சை என்றுதான் சொல்கிறார்கள். கூடுதல் என்றால் எதனோடு கூடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. மூலிகையின் குணங்களை மட்டும் அடுக்கும் பட்டியல்கள் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

எதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு

முதலில் சினியோல். யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியக் கூறு இது. 2009இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், சிஓபிடி உள்ள 242 பேரைச் சேர்த்து, வழக்கமான மருந்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு 200 மி.கி. சினியோல் கேப்சூல் நாளுக்கு மூன்று முறை, குளிர்காலத்தை ஒட்டி ஆறு மாதம் கொடுத்தார்கள். நோய் தீவிரமடைந்தவர்கள் மருந்தில்லாத வெற்றுமாத்திரை எடுத்த குழுவில் 45.5 சதவீதம், சினியோல் குழுவில் 28.2 சதவீதம். மூலிகை ஆய்வுகளில் இப்படி யாருக்கு எது என்பதை நோயாளி, மருத்துவர் இருவருக்கும் மறைத்து நடத்தியவை குறைவு என்பதால் இதற்கு என்னிடம் மரியாதை உண்டு.

ஆனால் அங்கே கொடுத்தது குடலில் போய்க் கரையும்படி பூச்சிட்ட கேப்சூல். உணவுக்கு அரை மணி நேரம் முன் எடுப்பது. யூகலிப்டஸ் தைலத்தைக் கரண்டியில் ஊற்றிக் குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தைலம் உள்ளே போனால் சில மில்லியிலேயே மயக்கம், வலிப்பு வரை போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலை எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

அடுத்தது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பெலார்கோனியம் சிடாய்டஸ் வேரின் சாறு. ஈபிஎஸ் 7630 என்ற குறிப்பிட்ட வடிவத்தை 30 சொட்டு வீதம் மூன்று வேளை, 24 வாரம், 200 நோயாளிகளிடம் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அடுத்த தீவிரமடைதல் வருவதற்கான இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிடும் காலம்) 43 நாளிலிருந்து 57 நாளாக நீண்டது. பதினான்கு நாள். பெரிதா சிறிதா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. வருடத்தில் நான்கு முறை மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அது பொருள் உள்ள எண், வருடத்துக்கு ஒரு முறை லேசாகச் சளி முற்றுகிறவருக்கு அல்ல. வயிற்றுத் தொந்தரவு சாறு எடுத்தவர்களிடம் கொஞ்சம் அதிகம். கல்லீரல் நோய் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. சொட்டுமருந்தில் ஆல்கஹாலும் உண்டு.

ஜின்செங் கதை வேறு. ஆஸ்திரேலியாவும் சீனாவும் சேர்ந்து 168 பேரிடம், 100 மி.கி. சாறு நாளுக்கு இரண்டு முறை, 24 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு குழுவும் முன்னேறின! ஜின்செங் எடுத்தவர்களும், வெற்றுமாத்திரை எடுத்தவர்களும். வித்தியாசம் இல்லை. வெற்றுமாத்திரைக் குழு ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் ‘ஜின்செங் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது’ என்ற செய்தி எங்கும் பரவியிருக்கும். பல மூலிகைகள் சேர்ந்த சீனக் கலவைகள் மேல் ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். அவற்றை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

மஞ்சளின் குர்குமின் சோதனைக்குழாயில் அழற்சியைத் தணிக்கிறது, உண்மைதான். வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். அதைச் சரிக்கட்ட மாத்திரை செய்பவர்கள் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அங்கேதான் அடுத்த வில்லங்கம்.

தியோஃபிலின் எடுப்பவர்களுக்கு

தியோஃபிலினைப் போல நூலளவு இடைவெளி உள்ள மருந்து சிஓபிடியில் வேறு இல்லை. ரத்தத்தில் மில்லிக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் குமட்டல், படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, மேலும் ஏறினால் வலிப்பு. 5க்குக் கீழே இறங்கினால் பெரிதாகப் பயன் இல்லை. இந்த இடைவெளிக்குள் நிறுத்திவைப்பது கல்லீரலின் வேலை. பைப்பரின் அந்த வேலையை மந்தப்படுத்தக்கூடியது. நாளுக்கு 20 மி.கி. பைப்பரின் கொடுத்த சிறிய ஆய்வில் தியோஃபிலினின் ரத்த அளவு கூடியது. குர்குமின் மாத்திரைகளில் பைப்பரின் அளவு பல சமயம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கும். திப்பிலியிலும் மிளகிலும் இருப்பது அதே பைப்பரின்தான், எனவே திரிகடுகச் சூரணத்தைக் கரண்டிக் கணக்கில் தினமும் எடுப்பவர் அதைச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். சமையலில் விழும் மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

எதிர்த்திசையில் இழுப்பது மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். அது கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். சிஓபிடிக்கான ரோஃப்ளுமிலாஸ்ட், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவு இறங்கும், தியோஃபிலினும் இறங்கலாம். தேநீர்ச் சாறு, குவாரானா கலந்த ‘எனர்ஜி’ மாத்திரைகள் தியோஃபிலினின் சொந்தக்காரனான கஃபீனை மேலே ஏற்றும். இன்னொன்று, மூலிகை அல்லாதது, ஆனால் மூலிகைமேல் பழி விழும் இடம்: புகைபிடிப்பவர்களின் கல்லீரல் தியோஃபிலினை வேகமாகக் கரைக்கும். புகையை விட்ட ஒரு வாரத்துக்குள் அந்த வேகம் குறைந்து, பழைய அளவு மாத்திரையே அதிகமாகிவிடும். புகையை விட்ட அதே வாரம் புதிய சூரணமும் தொடங்கியவருக்குப் படபடப்பு வந்தால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றும்போது மற்றது அசையாமல் இருக்கட்டும்.

இன்றைய சுவாச மருந்துகள் பலவற்றின் பூர்வீகம் செடிகள்தான் என்பதும் இந்த இடத்தில் நினைவில் இருக்க வேண்டும். தியோஃபிலினை 1888இல் ஆல்பிரெக்ட் கோசல் தேயிலையிலிருந்து பிரித்தார். எபெட்ரா செடியிலிருந்து எபெட்ரினை நாகாய் நாகயோஷி 1885இல் பிரித்தார். டியோட்ரோபியத்தின் மூதாதை ஊமத்தையிலும் பெல்லடோனாவிலும் உள்ள அட்ரோபின். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் ஆடாதோடையின் வாசிசினை மாதிரியாக வைத்துச் செய்தது, அதன் உடல்மாற்ற வடிவம்தான் ஆம்புரோக்சால். ஆக, ஆம்புரோக்சால் சிரப் குடித்துக்கொண்டே ஆடாதோடைக் கஷாயமும் குடிப்பவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, ஏறக்குறைய அதே வழியில் இரண்டாம் முறை நடக்கிறார். இது பெரிய ஆபத்து இல்லை. ஊமத்தையை டியோட்ரோபியத்தோடு சேர்ப்பது ஆபத்து: சிறுநீர் அடைப்பு, கண் அழுத்தம், குழப்பம். எபெட்ராவை சால்பியூட்டமாலோடு சேர்ப்பது அதைவிட ஆபத்து. அமெரிக்காவில் எபெட்ரா கலந்த துணைமாத்திரைகளை 2004இல் தடைசெய்ததே இதயக் கோளாறுகளாலும் பக்கவாதத்தாலும்தான்.

அதிசயமாகக் கேட்கிறதா? சந்தேகப்படுங்கள்

உண்மையான மூலிகை மெதுவாக, கொஞ்சமாகத்தான் வேலை செய்யும். பெயரில்லாத பொடி ஒன்று மூன்றே நாளில் இளைப்பை அடக்கிவிட்டது, பசி பிடுங்குகிறது, உடம்பில் தெம்பு வந்திருக்கிறது என்றால் அதில் டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ‘ஆஸ்துமா மூலிகைப் பொடி’ என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பது பழைய மோசடி. சில வாரத்தில் முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும், தோலில் லேசாக இடித்தாலும் கன்றிப்போகும்.

இதில் மோசமான கட்டம் உண்மை தெரிந்து பயந்து அதைத் திடீரென்று தூக்கி எறிவது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம். பொடியோடு மருத்துவரிடம் போய், அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாறி, படிப்படியாகக் குறைப்பதுதான் வழி.

உலோகங்களின் கதையும் உண்டு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றுக்குமேல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எனவே லேபிளில் நான் தேடுவது: செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பகுதி (வேரா, இலையா), சாறு என்றால் விகிதம், தொகுப்பு எண், கன உலோகச் சோதனைச் சான்று. விகிதம் ஏன் என்றால், 10:1 சாறு 500 மி.கி. என்பது 5 கிராம் மூலிகைக்குச் சமம், வெறும் பொடி 500 மி.கி. என்பது அரை கிராம்தான். இரண்டு பாட்டிலிலும் ‘500’ என்றே கொட்டை எழுத்தில் இருக்கும். கூறுகளின் அளவைப் பிரித்துச் சொல்லாத ‘ரகசியக் கலவை’யைத் தொடவே வேண்டாம்.

தாவரவியல் பெயரை வலியுறுத்த ஒரு காரணம்: ஆடாதோடையும் ஆடுதின்னாப்பாளையும் காதில் ஒன்றுபோல விழும். முன்னது ஜஸ்டிசியா அடாதோடா. பின்னது அரிஸ்டோலோகியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவழைக்கும். ஈஸ்வரமூலியும் அதே குடும்பம். கோல்ட்ஸ்ஃபுட் என்ற ஐரோப்பிய இருமல் செடியில் கல்லீரலின் நுண்குழாய்களை அடைக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. இரண்டும் பழைய மருத்துவத்தில் இருந்தவைதாம். பழையது என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, மெதுவாக வரும் கேட்டைப் பழைய காலத்தில் செடியோடு இணைத்துப் பார்க்க வழியும் இல்லை.

வாய்வழியாக அல்லாத முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலிகைப் புகை, மூலிகை சிகரெட் எல்லாம் புகைதான், தார், கார்பன் மோனாக்சைடு எதுவும் குறையாது. கஷாயத்தையோ தைலத்தையோ நெபுலைசரில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழல் அங்கேயே இறுகிவிடலாம். மூக்கில் எண்ணெய் விடுவதைத் தினசரி வழக்கமாக்கினால் எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தனி வகை நிமோனியா வரலாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் மூக்கருகே எண்ணெய்ப் பசையுள்ள தைலம் தடவக்கூடாது, தீப்பிடிக்கும். ஆவி பிடிப்பதில் பெரிய தீங்கு சுடுதண்ணீர் கவிழ்வதுதான்.

சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தால்

முதலில் இன்ஹேலரைச் சரிபாருங்கள். ‘பஃப் கேட்கவில்லை’ என்று மூலிகைக்கு வருபவர்களில் பலர் பஃப்பைத் தவறாக எடுப்பவர்கள். அழுத்தி எடுக்கும் வகையைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் அழுத்தி, இழுத்து முடித்துப் பத்து நொடி அடக்க வேண்டும். ஸ்பேசர் (பஃப்போடு மாட்டும் குடுவை) இருந்தால் இன்னும் நல்லது. பொடி வகைக்கு நேர்மாறு, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பொடி கேப்சூலை விழுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாய் கொப்பளிக்க மறக்கக்கூடாது. இதைத் திருத்தினாலே கிடைக்கும் பலன் எந்த மூலிகையின் பலனையும்விடப் பெரிது.

தொடங்கும் நேரம் முக்கியம். நோய் தீவிரமடைந்து மீண்டுவரும் நாட்களில் தொடங்கினால், தானாகவே வரும் முன்னேற்றம் முழுவதும் மூலிகையின் கணக்கில் போய்விடும். கடைசியாகத் தீவிரமடைந்து ஆறு வாரமாவது கழிந்திருக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எதையும் சேர்க்காமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: நாளுக்கு எத்தனை அவசரப் பஃப், சளியின் நிறமும் அளவும், ஓய்வில் ஆக்சிமீட்டர் எண், வாரம் ஒரு முறை கேட் மதிப்பெண். கேட் என்பது எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 40. குறைந்தால் நல்லது. இரண்டு புள்ளியாவது மாறினால்தான் அது மாற்றம், ஒரு புள்ளி என்பது வானிலை.

தொடங்கும் முன் ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள் பார்த்துவிட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதற்குள் கேட் அசையவில்லை, பஃப் எண்ணிக்கை குறையவில்லை என்றால் நிறுத்துங்கள், பாட்டில் மிச்சம் இருக்கிறது என்பது தொடர்வதற்குக் காரணம் இல்லை. தீவிரமடைதல்கள் குறைகின்றனவா என்று அறிய மூன்று மாதம் போதாது, சென்ற வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட வேண்டும்.

இந்தக் காலம் முழுவதும் இன்ஹேலரில் கைவைக்கக் கூடாது. மூலிகை நன்றாக இருக்கிறது என்று டியோட்ரோபியத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கத் தொடங்கினால் அது கூடுதல் சிகிச்சை அல்ல, மாற்றுச் சிகிச்சை. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. வீட்டில் நாளுக்கு 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுப்பவர்களுக்கும் இதே கண்டிப்பு.

சிலர் சேர்க்கவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ குளோபிடோக்ரலோ எடுப்பவர்கள் ஜின்கோ, பூண்டு, குர்குமின் மாத்திரைகளை விட்டுவிடலாம், இருமலில் ரத்தம் வந்தால் காரணம் தேடுவது கடினம். ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நிலையில் இருப்பவர்கள் வலேரியன், காவா போன்ற தூக்க மூலிகைகளுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது, கருப்பையைச் சுருங்கவைக்கும். சர்க்கரை உள்ளவர்கள் லேகியத்திலும் சிரப்பிலும் உள்ள சர்க்கரையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அரிஷ்டங்களில் புளிப்பில் உண்டான ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். நீரைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்களுக்கு மூன்று டம்ளர் கஷாயமும் நீர்க் கணக்கில்தான் சேரும். அறுவை சிகிச்சை குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

இளைப்பு வழக்கத்தைவிடக் கூடி, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், ஆக்சிமீட்டர் 88க்குக் கீழே நின்றால், பேச்சில் குழப்பமோ அசாதாரணத் தூக்கமோ தெரிந்தால், கஷாயத்தின் அளவைக் கூட்டிப் பார்க்கும் நேரம் அல்ல அது. மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துச் சீட்டோடு மூலிகைப் பாட்டிலையும் பொடிப் பொட்டலத்தையும் அதே பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். ரத்தச் சோதனையில் பொட்டாசியம் 2.8 என்று மிகக் குறைவாக வந்து எல்லோரும் காரணம் தேடும்போது, பாட்டிலில் உள்ள ‘அதிமதுரம்’ என்ற ஒரு வரி அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும்.